அந்தப் படத்தில் இருக்கும் இன்னொரு கை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் தொடக்கத்தில் உங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த படம் ஒன்றை வெட்டி, என் ஸ்ட்ரிங் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். பாரிசில் நடந்த உலகப் பூப்பந்து (பேட்மிண்டன்) போட்டியில், மகளிர் இரட்டையர் பிரிவில் நம் மலேசியாவுக்கு வெள்ளி கிடைத்த செய்தி. படத்தில் எம். தீனா மட்டும் இருக்கிறார். இடது ஓரத்தில் இன்னொருவரின் முழங்கையும் பாதி ரெக்கெட்டும் தெரிகின்றன. தலைப்பு நம் வீட்டுப் பெண்ணுக்கு வெள்ளி என்ற தோரணையில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்த என் பேத்தி அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இந்தக் கை யாரோடது?" என்று கேட்டாள். எட்டு வயது அவளுக்கு.

"பெர்லி தான்" என்றேன்.

"பெர்லிதானா? நல்லாத் தெரியுமா?"

அவர் பெயரே பெர்லி தான், அந்தத் 'தான்' சீனக் குடும்பப் பெயர் என்று அவளுக்கு விளக்கி முடிப்பதற்குள் பாதி ரெக்கெட் கட்டியிருக்கலாம். ஆனால் அவள் கேட்ட கேள்வி அன்று முழுக்க என்னை விடவில்லை. படத்தின் ஓரத்தை வெட்டியது இடப் பற்றாக்குறையாக இருக்கலாம். பத்திரிகை வேலை எனக்குத் தெரியாது. பூப்பந்து கொஞ்சம் தெரியும். இரட்டையர் ஆட்டத்தில் ஒருவரை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டினால், வெட்டி எடுத்தவரும் நமக்குப் புரியாமல் போய்விடுகிறார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஈப்போ, புந்தோங்கைச் சேர்ந்தவன். கச்சாங் பூத்தே என்ற கடலை நொறுக்கு வறுக்கும் வாசம் வரும் தெருவுக்குப் பின் சந்தில் 31 வருடமாக ரெக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் கட்டுகிறேன். வயது 63. உலக ஆட்டக்காரர் யாருக்கும் நான் கட்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகள், போலீஸ்காரர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், வெள்ளிக்கிழமை ராத்திரி மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஆடும் அங்கிள்மார்கள், இவர்கள்தான் என் வாடிக்கை. ஆனால் ரெக்கெட்டைக் கையில் வாங்கியதும் அதற்கு உரியவர் கோர்ட்டில் எங்கே நிற்பவர் என்று சொல்லிவிடுவேன். ஜோசியம் ஒன்றும் இல்லை. எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 31, மெர்டேக்கா, நம் சுதந்திர நாள் ராத்திரி. மூலையில் இருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். கலப்பு இரட்டையரில் சென் தாங் ஜியே, தோ ஈ வெய் ஜோடி உலக வெற்றியாளர் ஆன அதே நாள். நம் பெண்கள் ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் சீனாவின் லியூ ஷெங்ஷு, தான் நிங். ஆமாம், அந்தப் பக்கமும் ஒரு தான். முதல் செட் 14-21 என்று போனது. இரண்டாவதில் 22-20 என்று நம் பெண்கள் பிடித்தபோது தே தாரேக், அதாவது இழுத்து ஆற்றிய டீ, கொண்டு வந்த பையன் தட்டோடு அப்படியே நின்றுவிட்டான். மூன்றாவது 17-21. கடை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி சொன்னார்: "அடிக்கிறது பூரா பெர்லி. நம்ம புள்ள முன்னால சும்மா நிக்குது."

கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார். உங்கள் பத்திரிகை 'நம் பெண்' என்று அவரை மட்டும் தூக்கி வைக்கிறது, இந்தத் தம்பி 'சும்மா நிக்குது' என்கிறார். தீனா முன்னால் நின்று என்ன வேலை செய்தார் என்பது இரண்டிலும் இல்லை.

தீனாவும் பின்னால் போய் அடிப்பவர்தான், பெர்லியும் முன்னால் வருபவர்தான். இரட்டையர் ஆட்டத்தில் இடம் மாறிக்கொண்டேதான் இருக்கும். தாக்கும்போது ஒருவர் முன், ஒருவர் பின். தடுக்கும்போது இருவரும் பக்கம் பக்கமாக. ஆனால் இந்த ஜோடிக்கு வாட்டமான நிலை பெர்லி பின்னால், தீனா முன்னால் என்பது தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். பெர்லி பின்னாலிருந்து அடிக்க வேண்டுமென்றால் பந்து மேலே ஏறி வர வேண்டும். எதிரணி அதை ஏன் தூக்கிக் கொடுக்கிறது? சும்மா கொடுப்பார்களா? வலைக்கு முன்னால் ரெக்கெட்டை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். பந்தைத் தாழ்வாக, தட்டையாக அனுப்பினால் அவர் பாதி வழியிலேயே தட்டி உட்கார வைத்துவிடுவார். அந்தப் பயத்தில்தான் தூக்குகிறார்கள். தூக்கியதைப் பின்னால் இருப்பவர் அடிக்கிறார், கடை கைதட்டுகிறது. நன்றாக முன்னால் ஆடுகிறவர் பல நேரம் பந்தைத் தொடவே மாட்டார். தொடாமலே எதிரியின் வழியை அடைத்திருப்பார். அதை எந்தக் கணக்கில் எழுதுவது? ஆட்டம் முடிந்து வரும் புள்ளிவிவரத்தில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

கோர்ட்டின் அகலம் 6.1 மீட்டர். ஒற்றையருக்கு 5.18தான். வலை நடுவில் 1.524 மீட்டர் உயரம். எதிரே அடிக்கிறவருக்கும் முன்னால் நிற்பவருக்கும் நடுவே மூன்று நான்கு மீட்டர்கூடச் சில நேரம் இருக்காது. பார்த்து அடிக்க நேரம் இல்லை. எதிரியின் தோள் எப்படித் திரும்புகிறது, பாதம் எங்கே ஊன்றுகிறது என்று பார்த்து முன்கூட்டியே நகர வேண்டும். ஒரு அடி தப்பாக நகர்ந்தால் பின்னால் இருக்கும் தன் ஜோடியின் பார்வையையும் மறைத்துவிடுவார், பந்தும் போய்விடும். உட்கார்ந்து பார்க்கிற நமக்கு அது 'சும்மா நிற்பது' மாதிரிதான் தெரியும்.

2023 ஏப்ரலில் ஜப்பானில் கின்னஸ் சாதனைக்காக வேகத்தை அளந்தபோது, பெர்லி அடித்த பந்து ரெக்கெட்டை விட்டுப் புறப்பட்ட வேகம் மணிக்கு 438 கிலோமீட்டர். பெண்களில் அதுதான் உலக சாதனை. அதே நாளில் இந்தியாவின் சாத்விக் 565 அடித்தார், அது ஆண்களில். இரண்டு பேருமே இரட்டையர் ஆட்டக்காரர்கள். அந்தச் செய்தியை எல்லாப் பத்திரிகையும் போட்டது, நானும் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒரு ஸ்ட்ரிங் கட்டுகிறவனுக்கு அதைவிட இனிப்பான செய்தி ஏது. ஆனால் அந்த 438 எதிரே ஆள் இல்லாமல், அளப்பதற்கென்றே அடித்த அடி. ஆட்டத்தில் அந்தக் கைக்கு அப்படி ஒரு பந்து கிடைக்க வேண்டுமென்றால் அதை யாராவது வரவழைத்துக் கொடுக்க வேண்டும்.

இப்போது ரெக்கெட் விஷயம். பின்னால் நிற்பவரின் ரெக்கெட் என்னிடம் அடிக்கடி வரும். ஸ்ட்ரிங் மேல் பாதியில், நடுவுக்குச் சற்று மேலே அறுந்திருக்கும், ஓங்கி அடிக்கும் இடம் அது. 26, 27 பவுண்டு இழுத்துக் கட்டச் சொல்வார்கள், இரண்டு வாரத்தில் மறுபடி வருவார்கள். சொல்லப் போனால் எனக்குச் சோறு போடுவது அவர்கள்தான். முன்னால் நிற்பவர் எப்போதாவது வருவார். ஸ்ட்ரிங் முழுசாக இருக்கும், தொய்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஃபிரேமைப் பார்த்தால் உச்சியில் பெயின்ட் போயிருக்கும். தரையோடு உரசியது, வலைக்கு அருகே குனிந்து எடுத்தது, தன் ஜோடியின் ரெக்கெட்டோடு மோதியது. அப்புறம் கிரிப். பின்னால் அடிப்பவருக்கு அடிப்பகுதியில் தேய்ந்திருக்கும். முன்னால் நிற்பவர் கையை மேலே ஏற்றி, கைப்பிடி முடிந்து கம்பி தொடங்குகிற இடத்துக்குக் கிட்டே பிடிப்பார். பிடியைச் சுருக்கினால்தான் ரெக்கெட் சட்டென்று திரும்பும். அதனால் அங்கே கட்டை விரல் அளவுக்கு ஒரு குழி விழுந்திருக்கும். அந்தக் குழியைத் தடவிப் பார்த்தால் போதும், ஆள் யாரென்று சொல்லிவிடுவேன்.

அப்படி ஒரு ரெக்கெட் என் கடையிலேயே ஆணியில் தொங்குகிறது. என் மகளுடையது. அதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சரி, எழுதிவிடுகிறேன்.

அவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது பக்கத்துத் தாமான் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு சீனப் பெண்ணோடு ஜோடி சேர்ந்து ஆடினாள். அந்தப் பெண் உயரம், நல்ல அடி. இவள் முன்னால். இரண்டு வருடம் பள்ளிப் போட்டிகளில் அவர்களை அசைக்க ஆள் இல்லை. இவள் தமிழில் திட்டுவாள், அவள் ஹொக்கியன் சீனத்தில் திட்டுவாள், நடுவில் மலாயில் சமாதானம் ஆகிவிடுவார்கள். சனிக்கிழமை இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான் தோசை. அப்புறம் ஒரு பயிற்சிக் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். எந்தக் குழு என்று நான் சொல்லப் போவதில்லை, இப்போது அங்கே இருப்பவர்கள் வேறு ஆட்கள். இரண்டு பேரும் போனார்கள், ஒருத்தியை மட்டும் எடுத்தார்கள். நான் போய்க் கேட்டேன். "அடிக்கிறவ கிடைக்கிறதுதான் கஷ்டம் அங்கிள். முன்னால நிக்க யாரையாவது போட்டுக்கலாம்" என்றார் அங்கிருந்த ஒருவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மகள் வண்டியில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்குக் கேட்டிருக்காது என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சீனப் பெண் ஒரு வருடத்தில் திரும்பி வந்துவிட்டாள். புது ஜோடி ஒத்துவரவில்லை என்று அவள் அம்மா சொன்னார். என் மகள் இப்போது கணக்காளர், படத்தில் இருக்கும் கை யாருடையது என்று கேட்ட பேத்தியின் அம்மா. ரெக்கெட்டைத் தூக்கிப் போடட்டுமா என்று கேட்டால் மட்டும், இருக்கட்டும் என்பாள்.

இதனால்தான் தீனாவின் ஆட்டத்தை நான் வேறு மாதிரி பார்க்கிறேன்.

1998ஆம் ஆண்டு பிறந்தவர் தீனா. பெர்லி அவரைவிட இரண்டு வயது இளையவர். 2019 வாக்கில் ஜோடியானார்கள். அடுத்த வருடமே கோவிட் வந்து உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்தது. 2021 மார்ச்சில் பாசல் நகரில் சுவிஸ் பொதுப் போட்டியில் பட்டம் வென்றபோது இங்கே பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இறுதியில் அவர்கள் வீழ்த்தியது பல்கேரியாவின் ஸ்தோவா சகோதரிகளை. கூடப் பிறந்தவர்கள் அவர்கள், சின்ன வயதிலிருந்து ஒரே வீட்டில் வளர்ந்த ஜோடி. அந்தப் புரிதலுக்கு எதிரே நம் ஜோடிக்கு வயது இரண்டு வருடம்.

2022 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டு. கலப்புக் குழு இறுதியில் இந்தியாவை 3-1 என்று நம் குழு வென்றபோது, அந்த மூன்றாவது வெற்றியைக் கொண்டு வந்தது இவர்கள்தான். அப்புறம் மகளிர் இரட்டையர் பிரிவில் இங்கிலாந்து ஜோடியை அவர்கள் ஊரிலேயே 21-5, 21-8 என்று முடித்துத் தங்கம். அதே அக்டோபரில் பாரிசில் பிரெஞ்சுப் பொதுப் போட்டி. எதிரே இரண்டு முறை உலக வெற்றியாளர்களான ஜப்பானின் மாட்சுமோட்டோ, நகஹரா. அதிலும் பட்டம்.

அதே பாரிசுக்கு 2024ல் ஒலிம்பிக்குக்குப் போனார்கள். அரையிறுதி வரை வந்தார்கள். மலேசியப் பெண்கள் இரட்டையர் ஜோடி ஒன்று ஒலிம்பிக் அரையிறுதிக்கு வந்தது அதுவே முதல் தடவை. அங்கே இதே லியூ, தான் நிங்கிடம் மூன்று செட் ஆடித் தோற்றார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானின் மட்சுயாமா, ஷிடாவிடம் 11-21, 11-21. நான்காம் இடம். மறுநாள் பல இடங்களில் 'வெறுங்கையோடு' என்ற சொல்லைப் பார்த்தேன். உங்கள் பத்திரிகையில் வந்ததா என்று ஞாபகமில்லை, வந்திருந்தால் மன்னித்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே இரட்டையர் ஆட்டத்தில்தான் வந்தது. 1992 பார்சிலோனா, ராசிஃப் சிடேக், ஜலானி சிடேக். வெண்கலம். நான் ராத்திரி முழுக்க விழித்துப் பார்த்தேன், என்னைப் போல எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். அந்த ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்குத் தனி ஆட்டம் கிடையாது. அரையிறுதியில் தோற்ற இரண்டு ஜோடிக்குமே பதக்கம். ராசிஃப், ஜலானி அரையிறுதியில் தோற்றவர்கள்தான். அவர்கள் பதக்கத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, அந்தப் பதக்கம் என் நெஞ்சில் இருக்கிறது. ஆனால் அதே அரையிறுதியில் அதே மாதிரி தோற்ற இந்த இரண்டு பெண்களை 'வெறுங்கை' என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். முப்பத்திரண்டு வருடத்தில் மாறியது விதி.

பதின்மூன்று மாதத்தில் அதே பாரிஸ், அதே போர்ட் டி லா ஷப்பேல் அரங்கம், வலைக்கு அந்தப் பக்கம் அதே இரண்டு பேர். இந்தத் தடவை உலகப் போட்டியின் இறுதி ஆட்டம். மறுபடி மூன்று செட். மறுபடி தோல்வி. மே மாதம் தாய்லாந்தில் பட்டம் வாங்கிவிட்டு வந்தவர்கள். அந்த அரங்கத்துக்குள் அவர்கள் நடந்து வரும்போது என்ன நினைத்தார்கள் என்று யாராவது பேட்டி எடுத்து எழுதுவார்கள் என்று உங்கள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். தீனாவின் பூர்வீகம் பற்றி நாலு வரி இருந்தது.

வெள்ளி என்று எழுதுகிறோம். நம் ஊரில் ரிங்கிட்டையும் வெள்ளி என்றுதான் சொல்வோம், அதனால் வெள்ளி என்றால் முதலில் ஞாபகம் வருவது காசுதான். உலகப் போட்டி வெள்ளிக்குக் காசு கிடையாது. தங்கத்துக்கும் கிடையாது. போட்டியை நடத்துகிறவர்கள் பதக்கம் மட்டும்தான் தருவார்கள். மற்ற உலகச் சுற்றுப் போட்டிகளில் பரிசுப் பணம் உண்டு. அதைப் பிரிக்கும் கணக்கு தெரியுமா? பெரிய போட்டிகளில் ஒற்றையர் பட்டம் வென்றவருக்கு மொத்தப் பணத்தில் 7 விழுக்காடு. இரட்டையருக்கு 7.4. அந்த 7.4 இரண்டு பேருக்கும் சேர்த்து. அதாவது ஒரு போட்டியின் மொத்தப் பரிசு பத்து லட்சம் அமெரிக்க டாலர் என்றால், ஒற்றையரில் வென்றவர் 70,000 எடுத்துப் போவார், இரட்டையரில் வென்றவர் ஆளுக்கு 37,000. அதே விமானம், அதே பயிற்சி, அதே முட்டி வலி. இதை என் கடைக்கு வரும் ஒற்றையர் ஆட்டக்காரப் பையன் ஒருவனிடம் சொன்னேன். "அப்ப நான் சரியான இடத்துலதான் இருக்கேன் அங்கிள்" என்றான். அவன் இன்னும் மாவட்ட அளவையே தாண்டவில்லை, அது வேறு விஷயம்.

பணத்தைவிட உறுத்துவது தரவரிசை. புள்ளிகள் ஜோடியின் பெயரில்தான் ஏறும். ஐந்தாறு வருடம் சேர்ந்து ஆடி இவர்கள் 2025ல் உலகின் இரண்டாம் இடம் வரை ஏறினார்கள். நாளைக்கே ஒருவர் முதுகு வலி என்று உட்கார்ந்தால் இன்னொருவரும் உட்கார வேண்டியதுதான், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல். வேறு ஒருவரோடு சேர்ந்தால் பட்டியலில் அந்த ஜோடி புது வரி. என் மகள் விஷயத்தில் எனக்குப் புரிந்தது அதுதான்: ஒருத்தியை எடுத்தபோது அவர்கள் உண்மையில் ஒருத்தியைக்கூட எடுக்கவில்லை.

ஜோடி உடைந்து, மறுபடி ஒட்டி எழுந்தவர்களும் இருக்கிறார்கள். இந்தோனேசியாவின் கிரேசியா போலி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வேண்டுமென்றே தோற்க முயன்றதாக வெளியேற்றப்பட்ட நான்கு ஜோடிகளில் அவருடையதும் ஒன்று. அப்புறம் நித்யாவோடு ஆடினார். அதுவும் முடிந்தது. தன்னைவிடப் பத்து வயதுக்கும் மேல் இளையவரான அப்ரியானியோடு சேர்ந்து 2021ல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம். அந்த இறுதி ஆட்டத்தில் பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே கிரேசியாவின் ஸ்ட்ரிங் அறுந்தது. அவர் ஓரத்துக்கு ஓடினார், மாற்று ரெக்கெட்டை எடுத்தார், திரும்பி ஓடி வந்து ஆடினார். அதுவரைக்கும் முழுக் கோர்ட்டையும் அப்ரியானி தனியாகப் பார்த்துக்கொண்டார். சில நொடிகள்தான். அந்தத் துண்டை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. என் தொழிலில் ஸ்ட்ரிங் அறுவது கெட்ட பெயர். அந்த ஒரு தடவை மட்டும் அது அறுந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

'நம் பெண்' என்ற சொல்லுக்கு வருகிறேன். அதில் எனக்கும் பெருமை உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அரங்கத்தில் பெயர்ப் பலகையில் தீனாவின் அப்பா பெயர் முரளிதரன் என்று வரும்போது என் மனைவி டிவிக்குக் கிட்டே போய் உட்காருவாள். அந்தப் பெயரை வெளிநாட்டு வர்ணனையாளர் கடித்துத் துப்பும்போது இரண்டு பேரும் சிரிப்போம். ஆனால் நம்மவர் ஒருவரும் சீனர் ஒருவரும் ஜோடியாக நின்று இந்த நாட்டுக்கு வாங்கித் தந்தது புதுக்கதையும் இல்லை. 1971ல் இங் பூன் பீயும் பஞ்ச் குணாளனும் ஆல் இங்கிலாந்து என்ற பழம்பெரும் பூப்பந்துப் போட்டியில் ஆண்கள் இரட்டையர் பட்டம் வென்றார்கள். அதற்கு முன்பே இங் பூன் பீ, தான் யீ கானோடு சேர்ந்து 1965, 1966 இரண்டு வருடமும் அதே பட்டத்தை வென்றவர். ஜோடி விலகியதும் குணாளனோடு முதலிலிருந்து கட்டி மறுபடி உச்சிக்குப் போனார். அப்போது எனக்கு ஒன்பது வயது. சுங்கை சிப்புட் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் மண் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு கம்பத்துக்கு நடுவே மீன் வலை கட்டி ஆடுவார்கள். காற்று அடங்கும் சாயங்காலம்தான் ஆட்டம். அந்தச் செய்தி வந்த பிறகு தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் குணாளன் ஆகிவிட்டோம், இங் பூன் பீயாக நிற்க ஆள் கிடைக்கவில்லை. என் அப்பா, பால்வெட்டுக்குப் போய்வந்து களைத்துப் படுத்திருந்தவர், எழுந்து உட்கார்ந்து கேட்டார்: "ஏண்டா, அந்தச் சீனன் இல்லாம உங்க குணாளன் யாருக்கு எதிரா தனியா நின்னு ஆடினான்?" அன்றிலிருந்து ஒரு வாரம் நான்தான் இங் பூன் பீ.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை செய்தி போடும்போது தலைப்பில் இரண்டு பெயரையும் போடுங்கள். இடம் இல்லையென்றால் படத்தைச் சின்னதாக்கினாலும் பரவாயில்லை, இரண்டு பேரும் இருக்கட்டும். ஸ்கோரை எழுதிவிட்டு நிறுத்தாமல், யார் முன்னால் நின்றார், எதிரணி எங்கே தூக்கியது, எந்தப் புள்ளியில் பயந்தது என்று நான்கு வரி எழுத ஒரு நிருபரைப் பழக்குங்கள். கால்பந்துக்கு அப்படித்தானே எழுதுகிறீர்கள், கோல் போட்டவரையும் சொல்கிறீர்கள், பந்தைக் கொடுத்தவரையும் சொல்கிறீர்கள். வேண்டுமென்றால் அந்த நிருபரை ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி என் கடைக்கு அனுப்புங்கள். பத்து ரெக்கெட்டைக் கையில் கொடுத்துக் கிரிப்பைத் தடவச் சொல்கிறேன். தே தாரேக் என் செலவு.

இன்னொன்று. மேலே சொன்ன படத்துக்குப் பக்கத்தில் பேத்தி ஒரு வெள்ளைத் தாளை ஒட்டியிருக்கிறாள். முழங்கை முடிகிற இடத்திலிருந்து தொடங்கி கலர் பென்சிலால் பெர்லியை வரைந்திருக்கிறாள். முடி சரியாக வரவில்லை, ரெக்கெட் உடம்பைவிடப் பெரியதாக இருக்கிறது, கால் ஒன்றுதான் இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அன்று எடுத்த முழுப் படம், வெட்டுவதற்கு முந்தியது, உங்கள் அலுவலகத்தில் எங்காவது இருந்தால் ஒரு பிரதி அனுப்பிவைக்க முடியுமா? தபால் செலவை நான் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஸ்ட்ரிங் கட்டும் வாசகர் ஒருவர்,
புந்தோங், ஈப்போ.